மூன்றாவது இடத்தில் இருந்த ஊர்

மார்ச் 4

அண்ணிக்கு,

'அன்புள்ள' என்று போடவில்லை. மறந்துபோய் அல்ல.

நேராக விஷயத்துக்கு வருகிறேன். போன செவ்வாய்க்கிழமை காலை பதினொன்று இருபதுக்கு, வீட்டுக் கம்ப்யூட்டரில் ஊர் கட்டி ரயில் விடுகிற என் கேமை, அதிலும் நான் சேவ் செய்து வைத்த ஊரை, யாரோ திறந்திருக்கிறார்கள். எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். கேம் என் கணக்கில் இருக்கிறது. கணக்கு என் போனில் இருக்கிறது. மூன்று சேவுக்கும் தனித்தனியாகத் தேதி காட்டுகிறது. நான் கிளம்பி வந்த இந்த இருபத்திரண்டு நாளில் என் சேவில் மட்டும் முப்பத்தொரு மணி நேரம் ஏறியிருக்கிறது. நானோ இங்கே டயர் குடோனில் ஸ்கேனரும் கையுமாக நின்று லேபிள் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

அண்ணனாக இருக்காது. காலை பதினொரு மணிக்கு அவன் ஏதாவது ஒரு கட்டடத்தில் லிஃப்ட் கூண்டுக்கு மேலே தொங்கிக்கொண்டிருப்பான். அம்மா மவுஸைத் தொட்டால் ஷாக் அடிக்கும் என்று நம்புகிறவள். மிச்சம் யார் என்று நீங்களே சொல்லுங்கள்.

நீங்கள் கல்யாணமாகி வந்த மூன்றாவது வாரம் நான்தான் உங்களைப் பக்கத்தில் உட்காரவைத்துக் காட்டினேன். கேம் ஒன்று, கம்ப்யூட்டர் ஒன்று, ஆள் மூன்று. அந்தக் கேமில் சேவ் செய்யவும் மூன்றே மூன்று இடம்தான். முதலாவது என்னுடையது, பெயர் 'தொடாதே'. இரண்டாவது அண்ணனுடையது, பெயர் 'சும்மா'. மூன்றாவது உங்களுக்கு, 'புதுசு' என்று நானே பெயர் போட்டுக் கொடுத்தேன். என் சேவின் பெயரிலேயே எல்லாம் இருக்கிறதே, படிக்கத் தெரியாதவரா நீங்கள்?

நீங்கள் வந்ததும் என் அறை நீங்கள் பல் செட் செய்கிற வேலை அறையானது. பிளாஸ்டர் மூட்டை வந்தது, அரைக்கிற மோட்டார் வந்தது, ஜன்னலோரம் ஊர்ப்பட்டவர்களின் பல் அச்சு எல்லாம் வரிசையாக வந்து உட்கார்ந்து இளித்தது. நான் ஹாலுக்கு வந்தேன். அப்புறம் ஹாஸ்டலுக்கு வந்தேன். நாலு வருஷமாகக் கட்டிய ஊர் ஒன்றுதான் இன்னும் என்னுடையது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

போனில் கேட்டிருக்கலாம். அம்மா ஸ்பீக்கரில் போட்டுவிடுவாள், நான் கத்துவேன், அவள் அழுவாள். அதனால்தான் தபால். பதில் போடுங்கள்.

நாத்தனார்


மார்ச் 9

அன்புள்ள சின்னவளுக்கு,

நான்தான்.

சுற்றி வளைத்துச் சொல்ல எனக்கு வராது. சொன்னாலும் உன் போன் காட்டிக் கொடுத்துவிடும். ஆனால் எப்படி ஆயிற்று என்று மட்டும் கேள்.

அச்சில் பிளாஸ்டர் ஊற்றினால் இறுக நாற்பது நிமிஷம் ஆகும். அந்த நாற்பது நிமிஷம் வேறு எந்த வேலையும் ஓடாது. முதலில் என் 'புதுசு' ஊரைத்தான் திறந்துகொண்டிருந்தேன். எட்டு ஸ்டேஷன். எட்டும் ஒரே கோட்டில், துணி காயப்போட்ட கொடி மாதிரி. ஒருநாள் உன்னுடையது எப்படி இருக்கும் என்று பார்க்கத் தோன்றியது. திறந்தேன். அதோடு என் எட்டு ஸ்டேஷன் மேல் எனக்கு மரியாதையே போய்விட்டது.

சின்னவளே, இது என்ன ஊர். துறைமுகத்திலிருந்து ரயில் கிளம்பி, மலையைச் சுற்றி ஏறி, மேலே போனதும் கடல் மறுபடி தெரிகிறதே, அந்த வளைவை யோசித்தா போட்டாய்? ரயிலில் வருகிறவன் ஒரு தடவை திரும்பிப் பார்க்கட்டும் என்றே போட்டது மாதிரி இருக்கிறது. மெழுகு உருக வைத்ததை மறந்து உட்கார்ந்திருந்தேன். அத்தை வந்து "என்னடி கருகுற வாசனை"ன்னு கேட்ட பிறகுதான் எழுந்தேன்.

ஸ்டேஷன் பெயர்களையும் படித்தேன். 'உடைந்த குடை', 'ஈரத் துண்டு', 'அப்பாவின் கண்ணாடி', 'கரண்ட் போச்சு'. தனியாக உட்கார்ந்து சிரித்தேன். கடைசியில், ஊருக்கு வெளியே, காட்டு ஓரத்தில் 'அண்ணன் கல்யாணம்' என்று ஒரு ஸ்டேஷன். ஒரு நாளைக்கு ஒரே ஒரு ரயில் அங்கே போகிறது. போனது திரும்புவதில்லை. அதைப் பார்த்துச் சிரிப்பு வரவில்லை.

நான் எதையும் தொடவில்லை. பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தேன். பார்ப்பது விளையாடுவது ஆகாது என்று நினைத்தேன். மூடும்போது ஒரு கேள்வி கேட்டது: மாற்றங்களைச் சேமிக்கவா? 'வேண்டாம்' என்று அழுத்தினால் உன் ஊரே அழிந்துவிடுமோ என்று பயந்து, ஒவ்வொரு தடவையும் ஜாக்கிரதையாக 'ஆம்' என்று அழுத்தினேன். உனக்காகப் பத்திரப்படுத்துகிறேன் என்றுதான் நினைத்தேன். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போது அங்கே வருஷம் ஓடுகிறது என்பது எனக்குத் தெரியாது.

பதினொரு வருஷம் ஓடிவிட்டது. தண்டவாளம் தேய்ந்து, ரயில் எல்லாம் கிழமாகி, நடு ஜங்ஷனில் ஒன்றன் பின்னால் ஒன்றாக நிற்கிறது. முதலில் அறுபத்திரண்டாயிரம் பேர் இருந்தார்கள். நேற்றுப் பார்த்தபோது முப்பத்தெட்டாயிரம். இதைச் சொல்லாமல் மறைக்க எனக்கு மனசு வரவில்லை.

அண்ணி


மார்ச் 13

அண்ணிக்கு,

முப்பத்தெட்டாயிரம் என்ற எண்ணைப் படித்துவிட்டு நான் கட்டிலில் ஏறிப் படுத்துக்கொண்டேன். என் அறைத்தோழி யாரோ செத்துப்போய்விட்டார்கள் என்று நினைத்து, மெதுவாக "யாருப்பா?"ன்னு கேட்டாள். இருபத்து நாலாயிரம் பேர் என்று சொன்னேன்.

நீங்கள் 'ஆம்' அழுத்திய கதையை இரண்டு தடவை படித்தேன். உலகத்திலேயே இவ்வளவு ஜாக்கிரதையாக ஒரு ஊரை அழித்தவர் நீங்கள் ஒருவராகத்தான் இருக்கும். பொய் சொல்கிறீர்கள் என்று திட்டக்கூட வழியில்லை. இப்படி ஒரு பொய்யை யாராலும் இட்டுக்கட்ட முடியாது.

உங்களிடம் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். வீட்டில் யாருக்கும் தெரியாது. அந்தக் கேமைத் தயாரிக்கிற கம்பெனி, அடுத்த பதிப்புக்கு ஊர்களும் பாதைகளும் வடிவமைக்க ஆள் எடுக்கிறது. படிப்பு, அனுபவம் எதுவும் கேட்கவில்லை. நீண்ட நாளாகக் கட்டிவந்த ஒரு சேவை அனுப்பச் சொல்கிறார்கள், அதை வைத்து முடிவு செய்வார்களாம். ஏப்ரல் 30 கடைசி நாள். நான் என் ஊரை அனுப்புவதாக இருந்தேன். டயருக்கு லேபிள் ஒட்டி ஓய்வு பெறுவதா, இல்லை எனக்குப் பிடித்த ஒரே வேலையைச் செய்வதா என்பது அந்த ஒரு ஃபைலில் இருந்தது.

பழைய நகல் கிடையாது. அண்ணனின் வீடியோக்களால் இடம் நிறைந்துவிட்டது என்று நகல் எடுப்பதை நானே நிறுத்திவைத்தேன். இங்கே இருக்கிற தோழியின் லேப்டாப்பில் அந்தக் கேமைத் திறந்தால் விசிறி ஓலமிட்டுவிட்டு அணைந்துபோகிறது. ஜூன் வரை எனக்கு லீவும் கிடையாது.

இனிமேல் அதைத் திறக்காதீர்கள். பார்க்கக்கூட வேண்டாம். காட்டு ஓரத்து ஸ்டேஷனைப் பற்றி எழுதவும் வேண்டாம்.

நாத்தனார்


மார்ச் 18

அன்புள்ள சின்னவளுக்கு,

திறக்காதே என்றாய். திறக்கவில்லை. கம்ப்யூட்டர் மேல் துணி போட்டு மூடிவைத்திருக்கிறேன். உன் அண்ணன் பார்த்துவிட்டு "என்ன, இது என்ன செத்தா போச்சு?"ன்னு கேட்டார். விஷயத்தைச் சொன்னேன். பழைய நகல் கிடைக்குமா என்று ஒரு ஞாயிறு முழுக்கத் தேடினார். கிடைக்கவில்லை. அவருடைய வீடியோக்கள்தான் நிறையக் கிடைத்தன. ஒன்று முழுக்க லிஃப்ட் கதவு மூடித் திறக்கிறது, பதினேழு நிமிஷம்.

வேலை விஷயத்தை அத்தையிடம் நான் மூச்சு விடவில்லை.

என்னால் ஒன்று செய்ய முடியும். நீ வரமுடியாது, கேமும் அங்கே ஓடாது. இங்கே கம்ப்யூட்டர் இருக்கிறது, என் கை இருக்கிறது. எதை எங்கே போட வேண்டும் என்று நீ எழுது, நான் போடுகிறேன். என் யோசனை ஒன்றையும் கலக்கமாட்டேன். பல் டாக்டர் எழுதி அனுப்புகிற அளவுக்கு ஒரு நூல் கூடக் குறையக் கூடாது என்று பத்து வருஷம் வேலை செய்த கை இது. நடுங்காது.

மன்னிப்புக் கேட்டு ஒரு பக்கம் எழுதினேன். படித்துப் பார்த்தால் என்னை நானே சமாதானப்படுத்திக்கொள்கிற மாதிரி இருந்தது. கிழித்துவிட்டேன். நாற்பத்து மூன்று நாள் இருக்கிறது. சொல்லு, ஆரம்பிக்கிறேன்.

அண்ணி


மார்ச் 23

அண்ணிக்கு,

வேறு வழி இல்லாததால் சம்மதிக்கிறேன். சந்தோஷமாகச் சம்மதித்ததாக நினைத்துக்கொள்ள வேண்டாம்.

நாலு தாளில் வரைந்து அனுப்பியிருக்கிறேன். முதல் இரண்டில் எந்தத் தண்டவாளத்தை மாற்ற வேண்டும், எந்த ரயிலை ஓய்வுக்கு அனுப்ப வேண்டும் என்று வரிசையாக எழுதியிருக்கிறேன். மூன்றாவதும் நாலாவதும் நடு ஜங்ஷன். ஆறு பாதை அங்கே சேர்கிறது. நாலு வருஷமாக எனக்குத் தலைவலி கொடுத்த இடம் அதுதான். நான் இருக்கும்போதே அங்கே ரயில் தேங்கும், யாராவது பார்க்கிறார்களா என்று நான் வேறு பக்கம் திரும்பிக்கொள்வேன். இப்போது அதை முழுசாக இடித்துவிட்டு இரண்டு அடுக்குப் பாலமாகக் கட்ட வேண்டும். சுற்றி இருக்கிற முந்நூறு வீடும் போகும். போகட்டும்.

முதலில் இடைநிறுத்தி வையுங்கள். மேலே இடது மூலையில் இரண்டு கோடு போட்ட பொத்தான். அதை அழுத்தினால் வருஷம் ஓடாது. உங்களுக்கு இதை முதல் நாளே காட்டாதது என் தப்புதான். அதை மட்டும் ஒத்துக்கொள்கிறேன்.

நாத்தனார்


ஏப்ரல் 2

அன்புள்ள சின்னவளுக்கு,

உன் நாலு தாளையும் சுவரில் ஒட்டி, முடிக்க முடிக்கப் பென்சிலால் அடித்துக்கொண்டே வந்தேன். தண்டவாளம் மாற்றியாயிற்று. கிழட்டு ரயில்களுக்கு விடை கொடுத்தாயிற்று. மக்கள் திரும்ப வர ஆரம்பித்திருக்கிறார்கள், நாற்பத்தொன்பதாயிரம். ஜங்ஷனை இடித்து, இரண்டு அடுக்குப் பாலத்தை நீ வரைந்தபடியே கட்டினேன். நூல் பிசகவில்லை. நீ வந்து அளந்து பார்க்கலாம்.

தேங்குகிறது. முன்னே ஒரு வரிசையில் நின்ற ரயில் இப்போது இரண்டு மாடியிலும் நிற்கிறது.

இனி எழுதப்போவதற்கு நீ கோபித்துக்கொள்ளலாம். என் யோசனையைக் கலக்கமாட்டேன் என்று சொல்லியிருந்தேன். உன் சேவில் கலக்கவும் இல்லை. இடிக்கிறதுக்கு முன்னாலேயே ஒரு நகல் எடுத்து மூன்றாவது இடத்தில் வைத்துக்கொண்டேன். அந்த நகலில்தான் கை வைத்தேன்.

புதுப் பல் செட்டை மாட்டிக்கொண்டு சிலர் "கடிச்சா வலிக்குது"ன்னு வருவார்கள். எந்தப் பல் என்று கேட்டால் எல்லாப் பல்லும் என்பார்கள். செட்டையே தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாகச் செய்வது ஒரு வழி. நாங்கள் அப்படிச் செய்வதில்லை. மேல் வரிசைக்கும் கீழ் வரிசைக்கும் நடுவில் ஒரு நீலத் தாளை வைத்துக் கடிக்கச் சொல்வோம். எந்த இடம் முதலில் இடிக்கிறதோ அங்கே ஒரு நீலப் புள்ளி விழும். அந்தப் புள்ளியை மட்டும் ஒரு மயிரிழை அரைத்தால் போதும், மொத்த வாயும் சேர்ந்துவிடும். வலிக்கிற இடம் ஒன்றாக இருக்கும், இடிக்கிற இடம் வேறாக இருக்கும்.

அதனால் ஜங்ஷனைப் பார்ப்பதை விட்டுவிட்டேன். காலையில் முதல் ரயில் எங்கே நிற்கிறது என்று மட்டும் தேடினேன். ஆறு பாதையையும் ஒவ்வொன்றாக, மிக மெதுவாக ஓடவிட்டுப் பார்த்தேன். ஜங்ஷனுக்கு நாலு ஸ்டேஷன் முன்னால், 'ஈரத் துண்டு' ஸ்டேஷனில் நிற்கிறது. துறைமுகத்துச் சரக்கு ரயில் ஆடி அசைந்து அந்த இடத்தில் குறுக்கே போகிறது. பயணிகள் ரயில் அதற்காக இரண்டு நிமிஷம் நிற்கிறது. அந்த இரண்டு நிமிஷம்தான் ஜங்ஷனுக்கு வரும்போது இருபதாகிறது.

அங்கே ஒரு சின்னப் பக்கத் தண்டவாளம், ஒரு சிக்னல். சரக்கு ரயில் ஒதுங்கி நிற்கும். அவ்வளவுதான். உன் பழைய ஜங்ஷன், முந்நூறு வீடு, எல்லாம் இருந்தபடியே இருக்கிறது.

உன் அண்ணன் திரையைப் போனில் படம் பிடித்து இரண்டையும் உனக்கு அனுப்புகிறார். பார்த்துவிட்டு எது வேண்டுமோ சொல்லு. இரண்டாவதை அழிக்கச் சொன்னாலும் அழித்துவிடுகிறேன்.

அண்ணி


ஏப்ரல் 7

அண்ணி,

வீடியோவை நாற்பது தடவையாவது பார்த்திருப்பேன். சாப்பாட்டு நேரத்தில் டயர் அடுக்குகளுக்கு நடுவில் உட்கார்ந்து பார்த்தேன். குடோன் மேற்பார்வையாளர் பின்னால் வந்து நின்றதுகூடத் தெரியவில்லை. அவரும் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "எங்கயும் நிக்காமப் போகுதே"ன்னு சொல்லிவிட்டுப் போனார்.

நாலு வருஷம். நாலு வருஷமாக நான் ஜங்ஷனையே முறைத்துக்கொண்டிருந்தேன். இடித்தேன், கட்டினேன், மறுபடி இடித்தேன். நீங்கள் ஒரு சிக்னல் வைத்தீர்கள். ஒரே ஒரு சிக்னல். ஆறு பாதையும் வந்து சேர்ந்து பிரிந்து போகிறது, கூந்தல் பின்னுகிற மாதிரி. எனக்கு முதலில் அவமானமாக இருந்தது. ஒளிக்காமல் சொல்கிறேன், ஒரு நாள் முழுக்க அவமானமாக இருந்தது. அடுத்த நாள் மறுபடி பார்த்தேன். அவமானம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை, ஆச்சரியம் மட்டும் இருந்தது. என் ஊர் இவ்வளவு நல்ல ஊர் என்று எனக்கே நீங்கள்தான் காட்டியிருக்கிறீர்கள்.

அப்புறம் அண்ணனிடம் பேசினேன். மூன்றாவது இடத்தில் நகல் வைத்தேன் என்று போகிறபோக்கில் எழுதியிருந்தீர்களே, அந்த இடத்தில் ஏற்கெனவே இருந்தது என்ன ஆயிற்று என்று கேட்டேன். "அவ ஊர அவளே அழிச்சுட்டா, எட்டு ஸ்டேஷன்தானேன்னு சொன்னா"ன்னு சொன்னான். ஒரு வருஷமாகக் கட்டிய ஊர், அண்ணி. 'சும்மா'வை அழித்திருக்கலாமே. அண்ணன் கவனித்திருக்கவே மாட்டான்.

மூன்றாவது இடத்தில் இருப்பதை அனுப்புங்கள். விண்ணப்பத்தை நான் போனிலேயே நிரப்பிவிட்டேன், ஃபைலை மட்டும் நீங்கள் ஏற்ற வேண்டும். எப்படி என்று பின்பக்கம் எழுதியிருக்கிறேன்.

நாத்தனார்


ஏப்ரல் 11

அன்புள்ள சின்னவளுக்கு,

ஏற்றிவிட்டேன். பெற்றுக்கொண்டோம் என்று பதிலும் வந்தது. நீ எழுதியதை மூன்று தடவை சரிபார்த்தேன். எந்தப் பொத்தானில் 'ஆம்' இருந்தாலும் இப்போது எனக்குக் கை தயங்குகிறது.

'சும்மா'வை அழிக்க மனசு வரவில்லை. உன் அண்ணன் அதில் ஒரே ஒரு ஸ்டேஷன் கட்டி, அதற்குப் பதினான்கு லிஃப்ட் வைத்திருக்கிறார்.

அத்தைக்கு முழங்கால் வலி தேவலை. என் வேலை அறையில் பாதியை ஒழித்து, உன் மேஜையை ஜன்னலோரம் திரும்பப் போட்டிருக்கிறேன். பல் அச்சுகள் அலமாரிக்குள் போயின. நீ ஜூனில் வந்தால் உன்னைப் பார்த்து யாரும் இளிக்கமாட்டார்கள்.

அண்ணி


மே 20

அண்ணி,

நேற்று அந்தக் கம்பெனியிலிருந்து அழைத்தார்கள். தோழியின் லேப்டாப்பில் முகம் பார்த்துப் பேசினேன். இதைப் போனில் சொல்ல முடியாது. எழுதினால்தான் ஒழுங்காக வரும்.

மூன்று பேர் இருந்தார்கள். நடுவில் கழுத்தில் ஹெட்போன் மாட்டிய ஒரு அம்மாள். மலை வளைவைப் பற்றிக் கேட்டார், ஸ்டேஷன் பெயர்களைப் படித்துச் சிரித்தார். எனக்கு வானத்தில் மிதக்கிற மாதிரி இருந்தது. அப்புறம் கேட்டார்:

"இந்த ஈரத் துண்டுல ஒரு சிக்னல் இருக்கு பாருங்க. எங்க ஆளுங்க ரெண்டு நாள் இதைப் பத்தியேதான் பேசினாங்க. இத எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

விண்ணப்பத்தில் ஒரு கட்டம் இருந்தது. 'இது முழுக்க என் வேலை' என்று. அதில் டிக் போட்டிருந்தேன். உங்களிடம் சொல்லவில்லை. ஊர் என்னுடையது, ஒரு சிக்னலுக்காகவா யோசிப்பார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்த நேரத்தில் வாயைத் திறந்து எதையாவது உளறியிருந்தால் போதும். வேலை கையில். நீலத் தாள் கதையை என் கதையாகச் சொல்லிவிட நாக்கு நுனி வரை வந்தது.

"அது நான் இல்லீங்க"ன்னு சொன்னேன்.

"பின்ன யாரு?"

"எங்க அண்ணி. பல் செட் செய்றவங்க."

அதற்கப்புறம் என்னைப் பற்றி ஒரு கேள்வி கூட வரவில்லை. பத்து நிமிஷம் உங்களைப் பற்றித்தான். பிளாஸ்டர், நாற்பது நிமிஷம், எந்த இடம் முதலில் இடிக்கிறது என்று பார்ப்பது, எல்லாவற்றையும் சொன்னேன். கடைசியில் அந்த அம்மாள், "அப்ப அந்த டிக்கு?"ன்னு கேட்டார். பொய்தான் என்று சொன்னேன். நேர்மையாகச் சொன்னதற்கு நன்றி என்றார். அந்த நன்றியின் அர்த்தம் எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

இன்று மெயில் வந்தது. விதிப்படி என் விண்ணப்பத்தை எடுத்துக்கொள்ள முடியாதாம். என் அண்ணிக்கு விருப்பம் இருந்தால் அவர்களோடு பேச முடியுமா என்று கேட்டிருக்கிறார்கள். முகவரியைக் கீழே எழுதியிருக்கிறேன்.

அழுதேன். அதை மறைக்கவில்லை. ஆனால் தோழி ஒன்று சொன்னாள். உங்களைப் பற்றிப் பேசின அந்தப் பத்து நிமிஷமும் என் குரல் உசந்து, கையெல்லாம் ஆட்டி, என்னமோ நானே உங்களைப் பெற்றுவிட்ட மாதிரி பேசினேனாம். இருக்கலாம். எனக்கு அப்படித்தான் இருந்தது.

நீங்கள் அவர்களுக்குப் பதில் போட வேண்டும். பெரிய மனுஷி மாதிரி 'எனக்கு வேண்டாம், என் நாத்தனாருக்கே கொடுங்கள்' என்று எழுதினீர்களோ, அவ்வளவுதான், இந்த ஜென்மத்தில் உங்களோடு பேசமாட்டேன்.

நாத்தனார்


ஜூன் 6

அன்புள்ள சின்னவளுக்கு,

நீ என்ன எழுத வேண்டாம் என்றாயோ அதைத்தான் முதலில் எழுதினேன். நாலு வரி. ரொம்ப அழகாக வந்திருந்தது. படித்துப் பார்த்தால் ஒவ்வொரு வரியும் பொய். கிழித்துப் போட்டேன்.

எனக்கு அந்த வேலை வேண்டும். இந்த வீட்டுக்கு வந்து ஒன்றரை வருஷத்தில், எனக்கு வேண்டும் என்று நான் வாய்விட்டுச் சொல்வது இதுதான் முதல் தடவை. உன் அறையைக்கூட நான் கேட்கவில்லை. அத்தை கொடுத்தார்கள், வாங்கிக்கொண்டேன். நீ இழந்ததன் மேல் ஏறி நின்றுகொண்டு ஆசைப்படுகிறேனே என்று வெட்கமாக இருக்கிறது. இருந்தாலும் ஆசைதான். ஆம் என்று எழுதினேன்.

பேசினார்கள். இரண்டு வாரத்துக்கு ஒரு சோதனை வேலை கொடுத்தார்கள். திறந்தால் வெறும் நிலம். ஒரு ஆறு, இரண்டு குன்று, கொஞ்சம் கடற்கரை. இதில் ஒரு ஊரைப் போடு என்றார்கள்.

எட்டு நாளாகப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். ஒரு கோடு போட வரவில்லை. போட்டேன், அழித்தேன். மறுபடி கொடியில் துணி மாதிரிதான் வருகிறது. அப்போதுதான் எனக்குப் புரிந்தது. பல் கட்டுகிறவளுக்கு ஒரு வாய் வேண்டும். யாரோ ஒருவரின் வாய், அதற்கென்று ஒரு கோணல், ஒரு பழக்கம். அது இருந்தால் என்னால் சேர்க்க முடியும். ஒன்றுமே இல்லாத இடத்தில் எனக்கு ஒன்றும் தெரியாது. உன் ஊரில் நான் வைத்தது ஒரு சிக்னல். அந்தச் சிக்னல் வைக்கிற அளவுக்கு ஒரு ஊரை நீ வெறும் தரையிலிருந்து எழுப்பியிருந்தாய். அந்த மூன்று பேர் என்னைப் பாராட்டினபோது இதை நான் அவர்களிடம் சொல்லத் தவறிவிட்டேன். பாராட்டு நன்றாக இருந்தது, வாயை மூடிக்கொண்டு கேட்டேன். நீ டிக் போட்டதும் நான் வாயை மூடியதும் ஒரே ரகம்தான்.

முந்தாநாள் அவர்களுக்கு எழுதினேன். இது தனி ஆள் வேலை இல்லை, ஊரைப் போடுகிறவள் ஒருத்தி இருக்கிறாள், அவளைத்தான் நீங்கள் வேண்டாம் என்று எழுதிவிட்டீர்கள், அவள் இல்லாமல் என்னால் முடியாது, முடியும் என்று சொன்னால் அது பொய் என்று எழுதினேன். வேலை போனாலும் போகட்டும் என்றுதான் அனுப்பினேன். அனுப்பிவிட்டு அன்றைக்கு ஒரு செட் பல்லை மாற்றி வேறு டாக்டருக்கு அனுப்பிவிட்டேன், அப்படி இருந்தது மனசு.

நேற்றுப் பதில் வந்தது. ஒரே வரி. இரண்டு பேரும் சேர்ந்து செய்து 20-ஆம் தேதிக்குள் அனுப்புங்கள், பார்த்துவிட்டுச் சொல்கிறோம்.

எடுப்பார்கள் என்று நிச்சயம் இல்லை. நிலத்தின் படத்தை உன் அண்ணன் அனுப்புவார். நீ வா. இல்லை, வர முடியாவிட்டால் வரைந்து அனுப்பு, நான் போடுகிறேன். தப்புத் தப்பாகப் போட்டாலும் பரவாயில்லை. எனக்கு வேலை வேண்டாமா?

அண்ணி


ஜூன் 10

அன்புள்ள அண்ணிக்கு,

படம் வந்தது. வேலைக்கு நடுவில் திறந்து பார்த்தேன். ஆறு அந்த இரண்டாவது குன்றைத் தொடாமல் ஒதுங்கிப் போகிறதே, அந்த இடத்தில் என் கை பரபரத்தது. முதல் ஸ்டேஷன் அங்கேதான். ஒரு டயர் லேபிளின் பின்பக்கம் வரைய ஆரம்பித்தேன். இதுவரை பதினெட்டு லேபிள் போயிருக்கிறது. மேற்பார்வையாளரிடம் ஒரு வாரம் லீவு கேட்டேன். முறைத்தார். "அந்த நிக்காமப் போற ரயிலு"ன்னு சொன்னேன். கையெழுத்துப் போட்டுவிட்டார்.

ஒரு விஷயம் சொல்ல வேண்டும். நாலு வருஷமாக நான் ஊர் கட்டியதெல்லாம் யாரும் உள்ளே வரக்கூடாது என்பதற்காகத்தான். இப்போது ஒவ்வொரு கோடு போடும்போதும் இது உங்கள் கைக்கு நிற்குமா, நீங்கள் பார்த்தால் எந்த இடத்தில் புருவத்தைச் சுருக்குவீர்கள் என்று யோசிக்கிறேன். பயமாக இருக்கிறது. நன்றாகவும் இருக்கிறது. நீங்கள் பார்த்த அளவுக்கு என் ஊரை வேறு யாரும் பார்த்ததில்லை, அண்ணி. நான்கூட.

எடுக்காவிட்டால் டயர் இருக்கிறது, பல் இருக்கிறது. ஆனால் எடுக்க வேண்டும். எனக்கும் வேண்டும், உங்களுக்கும் வேண்டும். வேண்டாத மாதிரி இரண்டு பேரும் நடிக்க வேண்டாம்.

சனிக்கிழமை காலை ஏழு மணி பஸ்ஸில் வந்து இறங்குகிறேன். கிளம்பின அன்று உங்களிடம் சொல்லிக்கொள்ளாமல் வந்தவள் நான். வாசலில் உங்களைப் பார்த்ததும் என்ன பேசுவதென்று எனக்குத் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. ஒன்றும் பேச வேண்டாம். நேராக உள்ளே போய்க் கம்ப்யூட்டரைப் போடுவோம்.

நாத்தனார்